"பேப்பர் படிக்கவா காசு குடுத்துக் கூப்பிட்டிருப்பாக?" - கொள்ளைத் தொடர்களும் ஒரே வேடத்து நடிகர்களும்

கானாடுகாத்தான் பேரன்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பத்தாவோடு உட்கார்ந்து ஒரு கொலை மர்மத் தொடர் பார்த்தேன். முதல் எபிசோடில் இருபது நிமிடம் ஓடியிருக்காது. திண்ணையில் சும்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆளைக் காட்டி, "இவன்தான்டா கொன்னவன்" என்றார். எப்படி அப்பத்தா என்றேன். "எத்தனை படத்துல வில்லனா வந்தவன்! இவனைப் பேப்பர் படிக்கவா காசு குடுத்துக் கூப்பிட்டிருப்பாக?" அவ்வளவுதான். எட்டாவது எபிசோடில் அவனேதான். நடுவில் விடிய விடிய முழித்துத் துப்பு சேர்த்தது நான்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம். ஒரே மாதிரி வேடத்தில் முத்திரை விழுந்த நடிகரைப் போட்டால் 'கொன்றது யார்' கதை படுத்துவிடுகிறது. ஆனால் திட்டம் போட்டு வங்கியை அடிக்கிற, பணக்காரனை ஏமாற்றுகிற கதைகளில் அப்படி ஆவதில்லை. இவன் மூளைக்காரன், இவன் பூட்டுத் திறப்பவன், இவள் பேசியே மயக்குகிறவள் என்று மூஞ்சியைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. சுவை மட்டும் குறைவதில்லை. ஏன்? உங்களுக்குப் பிடித்த தொடர்களை வைத்தே சொல்லுங்கள். முடிவை உடைக்காமல் சொன்னால் புண்ணியம்.

கோட்டையூர் குறும்பு

அப்பத்தாவை 'சிஐடி' ஹிந்தித் துப்பறியும் தொடரில் சேர்த்துவிடலாம். ஏசிபி பிரத்யுமனுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

பள்ளத்தூர்ப் பொண்ணு

சிஐடி பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். ஹாஸ்டலில் எங்களுக்கு ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. ஆனால் இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் கூடிவிடுவோம். மொழியே தேவைப்படவில்லை. ஏசிபி பிரத்யுமனாக வருகிற சிவாஜி சாட்டம் விரலைச் சுழற்றினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அவர் கூட வருகிற போலீஸ்காரர் தயா இரண்டடி பின்னால் போனால் கதவு உடையப் போகிறது என்று அர்த்தம். 1998 ஜனவரியில் தொடங்கி 2018 வரை ஓடியது. 1,500 எபிசோடுக்கு மேல். 2024 டிசம்பரில் அதே ஆட்கள் திரும்பவும் வந்தார்கள்.

தயாவாக வந்த தயானந்த் ஷெட்டி உண்மையில் வட்டெறிதல் வீரர். கையால் சாதித்தவரை ஊர் காலுக்காக ஞாபகம் வைத்திருக்கிறது, பாவம். 'சிங்கம் ரிட்டர்ன்ஸ்' படத்தில் நடிக்கக் கூப்பிட்டபோதும் பெயர் தயாதான், அங்கேயும் கதவை உடைக்கிற வேலைதான். அவரும் சிரித்துக்கொண்டே உடைத்துவிட்டுப் போனார்.

கானாடுகாத்தான் பேரன்

தயா எங்கள் ஊருக்கு வந்தால் எலும்பு வைத்தியரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பர்மாத் தேக்கு நிலைக்கதவு. இரண்டு வருடம் முன்பு எங்கள் வளவில், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டில், ஓர் அறையின் சாவி தொலைந்துபோனது. சாவி என்றால் சட்டைப்பையில் போடுகிற சாவியா, ஒரு சாண் நீளம் இருக்கும். அந்த அறைக்குப் பங்காளிகள் மூன்று பேர் சொந்தம். மூன்று பேரும் சாவி மற்றவரிடம் இருக்கிறது என்றார்கள். ஆசாரி காலையில் வந்து பூட்டைத் தடவிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், எண்ணெய் விட்டார், காபி குடித்தார், மறுபடி எண்ணெய் விட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் திறந்தது. உள்ளே என்ன இருந்தது? ஓட்டை அண்டா நாலு, 1970களின் நாட்காட்டிகள், ஒரு மூட்டை பழைய கல்யாணப் பத்திரிகை.

ஆனால் கொள்ளைக் கதை எடுக்க இந்த வீடுகளை விட்டால் வேறு இடம் இல்லை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முன்வாசலில் போலீஸ் தட்டும்போது பெட்டகம் பின்வாசலில் மாட்டுவண்டி ஏறியிருக்கும்.

கோட்டையூர் குறும்பு

ஏறி நேரே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும். அங்கே போய் நாமே நம் வீட்டுப் பெட்டகத்தை இரண்டு மடங்கு விலைக்கு வாங்கி வருவோம். இரண்டாம் சீசன் தயார்.

சிராங்கூன் சீடை

பேரன் கேட்டதற்கு வருகிறேன்.

'மணி ஹைஸ்ட்' எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2017-இல் ஸ்பெயின் நாட்டு ஆன்டெனா 3 சேனலில் வந்தபோது போகப் போகப் பார்க்கிறவர்கள் குறைந்து, கிட்டத்தட்ட மறந்தே போன தொடர் அது. நெட்ஃப்ளிக்ஸ் வாங்கி 15 எபிசோடை வெட்டி 22 ஆக்கி உலகம் முழுக்கப் போட்டதும்தான் சிவப்புச் சட்டையும் ஓவியர் டாலியின் முகமூடியும் ஊரெல்லாம் திரிந்தது. அதில் ஆட்களுக்குப் பெயரே கிடையாது. டோக்கியோ, பெர்லின், நைரோபி என்று ஊர்ப் பெயர்தான். அதாவது ஆள் யார் என்பதை எழுத்தாளரே கழற்றி வைத்துவிட்டு, இவன் வேலை இது என்று மட்டும் கொடுக்கிறார். திருட்டும் திருட்டு இல்லை, நாணயச்சாலைக்குள் புகுந்து உட்கார்ந்து நோட்டு அடிப்பது. போலீஸை எத்தனை நாள் வெளியே நிற்கவைக்க முடியும் என்பதுதான் விளையாட்டு. இந்த மாதிரிக் கதையில் நாம் கேட்கிற கேள்வி 'யார்' இல்லை, 'எப்படி'. அப்பத்தாவின் சூத்திரம் 'யார்' கேள்விக்குத்தான் வேலை செய்யும்.

அப்புறம் 'லூபின்' என்ற பிரெஞ்சுத் தொடர். முதல் எபிசோடு மட்டும் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். திருடனாக வருகிற ஒமார் சீ ஆறடிக்கு மேல் உயரம், கூட்டத்தில் ஒளியவே முடியாத உடம்பு. அவர் லூவர் அருங்காட்சியகத்தில் துப்புரவு ஆளாக வாளியும் துடைப்பமுமாகத் திரிகிறார். யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பிறகு அதே கட்டடத்துக்குள் நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு பால் செர்னீன் என்ற பணக்காரராக வந்து நெக்லஸ் ஏலத்தில் உட்காருகிறார். அப்போதும் யாருக்கும் சந்தேகமில்லை. ஒட்டுத்தாடி, மரு எதுவும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. பார்க்கிறவன் உடுப்பைப் பார்க்கிறான், மூஞ்சியை எங்கே பார்க்கிறான்? நாம் நடிகருக்குக் குத்துகிற முத்திரையை அந்தத் திருடன் ஆயுதமாகவே வைத்திருக்கிறான்.

பள்ளத்தூர்ப் பொண்ணு

அப்பத்தா சூத்திரத்தைத் தோற்கடித்த ஒருவர் இருக்கிறார்: அமெரிக்கத் தொடரில் வருகிற துப்பறிவாளர் கொலம்போ. கொலை செய்கிறவரைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். அதற்கென்றே பெயர் பெற்ற விருந்து நடிகர்களைக் கூப்பிடுவார்கள். யார் என்று தெரிந்த பிறகு நாம் எதைப் பார்க்கிறோம்? அந்தக் கசங்கிய மழைக்கோட்டுக்காரர் வாசல் வரை போய்த் திரும்பி நின்று, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று இழுப்பதைத்தான். கொலைகாரன் முகம் மாறும் பாருங்கள், அதற்குத்தான் ஒன்றரை மணி நேரமும்.

கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக் 1968-இல் அந்தக் கோட்டை மாட்டினார், 2003 வரை விட்டு விட்டு மாட்டிக்கொண்டே இருந்தார். கோட்டு அவருடைய சொந்தக் கோட்டு. ஒரு கண் கண்ணாடிக் கண், மூன்று வயதில் நோயால் இழந்தது. கொலம்போவுக்காக மட்டும் நாலு எம்மி விருது. 1987-இல் விம் வெண்டர்ஸ் எடுத்த ஜெர்மன் படத்தில் அவர் பீட்டர் ஃபாக்காகவே வருவார். அங்கேயும் தெருவில் போகிற பையன்கள் அவரை கொலம்போ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரில் நடித்தும் தப்பிக்க முடியவில்லை.

புதுவயல் பபூன்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்குத்தான் எழுத நேரம் கிடைத்தது. என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். என் மாமா ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், அதாவது கோமாளி வேடக்காரர். அதனால் எல்லாரும் 'மாட்டிக்கொண்டார்', 'தப்பிக்கவில்லை' என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் ஒட்டவில்லை.

நம் பக்கத்துத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் போடுகிற நாடகக்காரர்கள் ஒரே கம்பெனி என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கிடையாது. நாயகன் வேடம் போடுகிற ராஜபார்ட் ஓர் ஊர், நாயகி வேடம் போடுகிற ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூனும் டான்ஸும் இன்னோர் ஊர், ஆர்மோனியம் மற்றோர் ஊர். ஊர்ப் பெரியவர்களும் ஏஜெண்டும் பார்ட்டைச் சொல்லித்தான் ஆள் பிடிப்பார்கள்: "ஒரு நல்ல நாரதர் வேணும், தர்க்கம் நல்லாப் பண்ணணும்". நோட்டீஸிலும் ஒவ்வொருவர் படத்துக்குக் கீழே பெயர், அதோடு பார்ட். ஒத்திகை என்பதே கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொருவராக பஸ்ஸில் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். மாமாவோடு நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன். கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய மறைப்பு, ஒற்றை பல்பு. ராஜபார்ட்டுக்காரர் கண்ணாடித் துண்டைத் தகரப்பெட்டி மூடியில் சாய்த்து வைத்து அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவருக்கு வள்ளியாக வருகிற அம்மாவை அதற்கு முன் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். "நமக்கு எந்த சுருதிங்க?" என்று ஒரு கேள்வி. அந்த அம்மா ஒரு பதில். அவ்வளவுதான் ஒத்திகை. மேடையில் ஏறினால் விடியக்காலம் வரைக்கும் ஒருவர் எடுத்துக்கொடுக்க ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். வேலன், வேடன், விருத்தன் என்று முருகனே அங்கே மூன்று வேடம் போட்டு ஏமாற்றித்தானே கல்யாணம் பண்ணுகிறார்!

இப்போது சீடை சொன்ன கொள்ளைக் கூட்டத்தைப் பாருங்கள். ஆளுக்கு ஓர் ஊர். ஆளுக்கு ஒரு வேலை. ஒருவரை ஒருவர் தெரியாது. ஒரு ராத்திரிக்குச் சேருகிறார்கள், காரியம் முடிந்ததும் பிரிந்து போகிறார்கள். அதுவும் ஒரு நாடக செட்தான். அங்கே ராஜபார்ட்டைப் பார்த்ததும் இவர் ராஜபார்ட் என்று தெரியாவிட்டால் கதையே நகராது. முத்திரை இல்லாவிட்டால் ஒவ்வொருவருக்கும் முன்கதை சொல்லியே மூன்று எபிசோடு போய்விடும். பேரன் கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

மாமாவிடம் ஒருமுறை கேட்டேன், எத்தனை வருடம் இதே பபூன், சலிக்கவில்லையா என்று. "பார்ட்டு ஒண்ணுதான். ஊரு தினம் வேறல்ல" என்றார்.

தேவகோட்டை ரஸ்தா

புதுவயல் தம்பி, அருமை. ஆனால் சினிமாவில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. பழைய ஆள் நான், இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எம்.என். நம்பியார் என்றால் கையைப் பிசைகிற வில்லன் என்பீர்கள். 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் அவர்தான் நாயகன். வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல். துப்பறிகிறவராகப் பதினொரு வேடம் போட்டுக் குற்றவாளிகளைப் பிடிப்பார். சீடை தம்பி சொன்ன பிரெஞ்சுத் திருடன் வேலையைச் சேலத்தில் ஒருவர் எழுபது வருடம் முன்பே பார்த்துவிட்டார், அதுவும் போலீஸ் பக்கம் நின்று. அதற்குப் பிறகு எம்.ஜி.ஆரோடு கத்திச் சண்டை போட்டே காலம் போனது. வெளியே அவர் சைவம், மது தொடாதவர், சபரிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற குருசாமி. தியேட்டரில் அவரைச் சபித்த தாய்மார்களே மார்கழியில் காலில் விழுந்தார்கள்.

இன்னொருவர் ஜெய்சங்கர். சிஐடி என்றால் ஜெய்சங்கர், ஜெய்சங்கர் என்றால் சிஐடி. 'வல்லவன் ஒருவன்', 'சிஐடி சங்கர்' எல்லாம் அப்படித்தான். தென்னாட்டு ஜேம்ஸ்பாண்டு என்றே பட்டம். பதினைந்து வருடம் நாயகனாக ஓடியவரை 1980-இல் 'முரட்டுக்காளை'யில் ரஜினிக்கு வில்லனாக நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் யார் என்று பாருங்கள். படம் ஏவி.எம்., அதை நிறுவிய மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். இயக்கம் எஸ்.பி. முத்துராமன், அவரும் காரைக்குடி. எழுத்து பஞ்சு அருணாசலம், சிறுகூடல்பட்டி. ஒரு துப்பறிவாளருடைய முத்திரையைக் கழற்றியது முழுக்க நம் பக்கத்துக் கைகள். நகரத்தார் கணக்கு அது: இருக்கிற சரக்கு ஒரு கடையில் விலை போகவில்லை என்றால் வேறு கடையில் வை.

என் பெயருக்கும் காரணம் உண்டு. யுத்த காலத்தில் ஏவி.எம். ஸ்டுடியோ கொட்டகை போட்டிருந்தது எங்கள் தேவகோட்டை ரஸ்தாவில்தான். 1947-இல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்தது. மறு வருடம் சென்னைக்குப் பெயர்ந்து போய்விட்டார்கள். அது வேறு கதை, இழுத்தால் நீளும்.

பள்ளத்தூர்ப் பொண்ணு

ரஸ்தா அண்ணே, புதுவயல் அண்ணே, இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் எல்லாம் ஆம்பளைக் கணக்கு. ராஜபார்ட்டுக்கு அறுபது வயதிலும் ராஜபார்ட் கிடைக்கும். ஸ்திரீபார்ட்டுக்கு? சினிமாவில் நாயகி, பிறகு அண்ணி, பிறகு அம்மா. முத்திரைகூட வயதைப் பார்த்துத்தான் மாற்றிக் குத்துகிறார்கள்.

எங்கள் ஊரில் வளர்ந்த மனோரமா ஆச்சியையே பாருங்கள். பிறந்தது மன்னார்குடி, நாடகத்தில் ஏறியபோது பள்ளத்தூர் பாப்பா. சினிமாவில் காமெடி என்று ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கிய மூலையில் நின்றே 1968-இல் ஜில் ஜில் ரமாமணியாக வந்து, சிவாஜியும் பத்மினியும் இருக்கிற படத்தில் நம்மை அழ வைத்தார். அப்புறம் 'சின்னக் கவுண்டர்' அம்மா. ஆயிரம் படத்துக்கு மேல். ஆனால் யாராவது அவருக்கு ஒரு கொள்ளைக் கூட்டத் தலைவி வேடம் கொடுத்தார்களா? அந்தக் குரலுக்கும் அந்த டைமிங்குக்கும் நாணயச்சாலை என்ன, ரிசர்வ் வங்கியையே திறந்து கொடுத்திருப்பார்கள்.

கொள்ளைத் தொடர்களிலும் பெண் என்றால் பெரும்பாலும் மயக்குகிற வேலைதான். அதனால்தான் எனக்கு நைரோபி பிடித்தது. ஆல்பா ஃப்ளோரஸ் அதில் நோட்டு அடிக்கிற பட்டறையையே நடத்துவாள். தரம் குறைந்தால் விடமாட்டாள். எங்கள் சின்னாத்தா தேன்குழல் பிழியும்போது பக்கத்தில் நிற்பது மாதிரியே இருக்கும்.

சிராங்கூன் சீடை

சீடைக்காரன் பெயரில் தேன்குழல் பேச்சு எடுத்தால் பசிக்கிறது ஆச்சி.

முத்திரையைப் புரட்டிப் போட்டதற்கு இப்போதைய உதாரணம் ஒன்று. 2013-இல் 'சூது கவ்வும்' படத்தில் விஜய் சேதுபதி ஆள் கடத்துவதற்கு ஐந்து விதி போட்டுக்கொண்டு வாழ்ந்தார். பத்து வருடம் கழித்து 'ஃபர்ஸி' தொடரில் கள்ளநோட்டுக்காரனைத் துரத்துகிற அதிகாரி. நடையும் இழுத்துப் பேசுகிற பேச்சும் ஏறக்குறைய அதேதான். பக்கம் மட்டும்தான் மாறியிருந்தது. 'வதந்தி' தொடரில் எஸ்.ஜே. சூர்யாவும் அப்படித்தான். 'மாநாடு' பார்த்துவிட்டு இவர் கத்தப் போகிறார் கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். கடைசிவரை அடக்கியே வாசித்தார். நான் காத்திருந்ததையும் சேர்த்துத்தான் இயக்குநர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று பிறகு புரிந்தது.

கானாடுகாத்தான் பேரன்

நல்ல நல்ல விஷயமாக வந்து விழுகிறது. நானும் ஒன்று சொல்கிறேன், இது எங்கள் வீட்டில் நடந்தது. சில வருடம் முன்பு ஒரு படப்பிடிப்புக்கு வளவை வாடகைக்கு விட்டோம். அதில் ரவுடி வேடம் மட்டுமே செய்கிற ஒரு நடிகர் வந்திருந்தார், பெயர் வேண்டாம். கன்னத்தில் ஒட்டிய வெட்டுத் தழும்போடு பட்டாலையில் கால் மடக்கி உட்கார்ந்து மகளுக்கு போனில் கணக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார், ஏழாம் வாய்ப்பாடு. அப்பத்தாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஆத்தா, கொஞ்சம் மோர் கிடைக்குமா?" என்றார்.

அப்பத்தா வெள்ளித் தம்ளரில் மோர் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவருக்கு வெள்ளியில் கொடுப்பது வழக்கம், அதை மாற்ற முடியாது. ஆனால் அவர் குடித்து முடிக்கும் வரை தூணோரம் நின்று தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதைக் கவனித்துவிட்டார். குடித்துவிட்டுத் தம்ளரை இரண்டு கையாலும் நீட்டி, "எண்ணிக்கிடுங்க ஆத்தா" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குத்தான் கூசிப்போனது. அவர் போன பிறகு அப்பத்தா உண்மையிலேயே உள்ளே போய் எண்ணினார்.

புதுவயல் பபூன்

"எண்ணிக்கிடுங்க ஆத்தா"! அந்த மனுஷனுக்கு ஒரு பபூன் பார்ட் கொடுக்கலாம். டைமிங் இருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா

பேரன் தம்பி, முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. எண்ணிக்கை சரியாக இருந்ததா?

கானாடுகாத்தான் பேரன்

ஒன்று குறைந்தது அண்ணே. வீடே இரண்டு நாள் அமளி. மூன்றாம் நாள் சாமி அறையில் திருநீற்றுத் தட்டுக்குப் பின்னால் இருந்தது. தீர்த்தம் வைக்க அப்பத்தாவே எடுத்துப்போய் வைத்தது. இருந்தாலும் அந்த நடிகர் டிவியில் வந்தால் இன்றைக்கும் அப்பத்தா எங்களைக் கூப்பிடுவார்: "டேய், தம்ளர் எடுத்தவன் வந்திருக்கான், வாங்க."